வைத்தியருக்கு மறைக்கலாகாத குளிகை

சில திங்களுக்கு முன் ஒரு மாலைப் பொழுதிலே மருந்துக்கடையொன்றில் நின்றிருந்தோம். எமக்கு முன்னே ஐம்பது வயதை அணுகிய ஒருவர், வைத்தியரின் சீட்டை நீட்டி, நீரிழிவுக்கும் இரத்த அமுக்கத்துக்கும் உரிய குளிகைகளை வாங்கினார். காசுங் கொடுத்தார், ஆயினும் போகவில்லை. பின்னால் வந்த பெண்கள் இருவருக்கு வழிவிட்டார், எமக்கும் வழிவிட்டார், கண்ணாடி அலுமாரியிலுள்ள பற்பசைகளை ஆராய்பவர்போல நின்றார். ஈற்றில் தாழ்ந்த குரலில் ஒரு குளிகையின் பெயரைச் சொன்னார். மருந்தாளர் அவரை ஏளனஞ் செய்தாரல்லர். "ஐயா, சீட்டு இருக்கிறதா? நெஞ்சு நோவுக்கு நாக்கின்கீழ் வைக்குங் குளிகை பாவிக்கிறீர்களா?" என்று மட்டுமே கேட்டார். வந்தவர் விடை கூறாது வெளியேறிவிட்டார்.

அந்த இரண்டாவது கேள்வி உயிரைக் காக்குங் கேள்வி. அதன் பொருளை விளக்கவே இதனை எழுதுகின்றோம். குடும்பப் பகுதியிலே இத்தகைய விஷயம் தகுமோ என்பார் உளர். குடும்பத்தில் நிகழ்வதை வேறெந்தப் பகுதியில் எழுதுவது?

ஆண்குறி போதிய விறைப்பு அடையாமையை நாம் 'ஆண்மைக்குறைவு' என்கின்றோம். பாதித் தீங்கை அச்சொல்லே செய்துவிடுகின்றது. இங்கே பெரும்பாலும் குறைவது ஆண்மையன்று, இரத்த ஓட்டம். அவ்வுறுப்புக்குச் செல்லும் நாடிகள் 1 முதல் 2 மில்லிமீற்றர் அகலமானவை. இருதயத்துக்கு இரத்தம் ஊட்டும் நாடிகளோ 3 முதல் 4 மில்லிமீற்றர் வரை. நீரிழிவு, புகைத்தல், கொழுப்பு ஆகியவற்றால் நாடிகள் கெடும்போது சிறியனவே முந்தி அடைபடுகின்றன. ஆதலின் இக்குறை தோன்றிச் சில ஆண்டுகளில் இருதய நோய் வெளிப்படுதல் பலரிடங் காணப்படுகின்றது. குளிகையைக் களவாக வாங்குபவர், தேகம் தந்த முன்னறிவித்தலை வாசியாமலே கிழித்தெறிகின்றார்.

குளிகையின் வரலாறும் இருதயத்திலேயே தொடங்குகின்றது. இங்கிலாந்தின் சான்ட்விச் நகரிலே பைசர் கம்பனியின் ஆராய்ச்சியாளர்கள் நெஞ்சு நோவுக்கென 'சில்டெனாபில்' என்ற மருந்தை ஆக்கினர். அந்நோய்க்கு அது பெரிதும் உதவவில்லை. உட்கொண்ட ஆண்களோ வேறொரு விளைவைத் தெரிவித்தனர். 1998 மார்ச் 27 ஆந் திகதி அமெரிக்கா அதனை 'வயாகரா' என்னும் பெயரில் விற்பனைக்கு அனுமதித்தது. நைத்திரிக் ஒட்சைட்டு என்னும் வாயு இரத்தக்குழாய்களைத் தளர்த்தும் விதத்தைக் கண்டறிந்த மூவருக்கு நோபெல் பரிசு கிடைத்ததும் அதே ஆண்டிலேயே. பரிசை நிறுவிய அல்பிரட் நோபெல், நைத்திரோகிளிசரினைக் கொண்டு டைனமைற்று என்ற வெடிமருந்தை ஆக்கியவர். முதுமையில் அவருடைய இருதய நோய்க்கு வைத்தியர் எழுதிக்கொடுத்ததும் அந்த நைத்திரோகிளிசரினே! நாக்கின்கீழ் வைக்கப்படுவதும் அதுவேயாம்.

இரண்டுஞ் சேர்ந்தால் நேரும் கேட்டை வீட்டு நீர்த்தொட்டியைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். விருப்பம் எழும்போது நரம்புகள் நைத்திரிக் ஒட்சைட்டை விடுவிக்கின்றன; அது குழாயைத் திறந்துவிடுதல் போன்றது. நாடிகளைத் தளர்த்தும் பொருள் தொட்டியில் நிரம்புகின்றது. அதனை வெளியேற்றும் மடையும் ஒன்று உண்டு. குளிகை செய்வதெல்லாம் அம்மடையை அடைப்பதே. ஆதலின் விருப்பமில்லாதவிடத்து அது பயன்படாது. இது ஆசையை ஊட்டும் மருந்தன்று. நைத்திரேற்று இனத்து மருந்துகளோ தேகம் முழுவதிலும் குழாயைத் திறந்துவிடுபவை. குழாய் திறந்து, மடையும் அடைபட்டால், இரத்த அமுக்கம் திடீரென வீழ்கின்றது. மயக்கமும் மரணமும் நேரலாம்.

இனி ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். நள்ளிரவிலே கணவருக்கு நெஞ்சு நோகின்றது. மாமியாருடைய நாக்கின்கீழ்க் குளிகை மேசையில் இருக்கின்றது. மனைவி பதறி அதில் ஒன்றை எடுத்துக் கொடுக்கின்றாள். அன்றிரவு அவர் வேறொரு குளிகை விழுங்கியதை அவள் எங்ஙனம் அறிவாள்? சில்டெனாபில் உட்கொண்டு 24 மணித்தியாலமும், டடலாபில் என்னும் மற்றைய குளிகையாயின் 48 மணித்தியாலமும் கழியுமுன் நைத்திரேற்றுக் கொடுத்தல் ஆகாது. 1990 அம்புலன்சில் வருபவர்க்கும், ஆஸ்பத்திரி வைத்தியருக்கும் முதலிற் சொல்லவேண்டிய செய்தி இதுவே. மனைவி அறிந்திருந்தாலன்றி, மயங்கிக் கிடப்பவருக்காக அதனை யார் சொல்வது?

வைத்தியரிடம் சொல்லவும் நாணம் தடுக்கின்றது. எமது ஊர்களிலே குடும்ப வைத்தியர் தந்தையாருக்கும் பழக்கமானவர். மைத்துனிக்கும் அவரே மருந்து கொடுப்பவர். நாணமாயின் வேறொரு வைத்தியரிடஞ் செல்லலாம். ஆனால் கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டு செல்லல் வேண்டும். புரொஸ்டேட் சுரப்பி வீக்கத்துக்குக் கொடுக்கப்படும் டம்சுலோசின் போன்றவையும் இக்குளிகையுடன் சேர்ந்து அமுக்கத்தைத் தாழ்த்தக்கூடும். அண்மையில் மாரடைப்போ பாரிசவாதமோ கண்டவர், வைத்தியர் இணங்கும்வரை இதனைத் தொடுதலே கூடாது. இரத்த அமுக்கத்துக்குரிய சில மருந்துகளாலும் இக்குறை வரலாம் எனக் கேள்வியுற்று அவற்றைத் தாமே நிறுத்துவோரும் உளர். அது பேதைமை, வேறு மருந்து மாற்றித் தரும்படி வைத்தியரைக் கேட்கலாம்.

சில்டெனாபிலைப் பெரும்பாலும் 50 மில்லிகிராம் அளவில் ஒரு மணித்தியாலத்துக்கு முன் எடுப்பர். முதியோருக்கும் ஈரல், சிறுநீரக நோயாளருக்கும் 25 போதும். நாளொன்றுக்கு ஒரு முறையே. முதல் நாள் பயன் தரவில்லையென்று இரண்டாவதை விழுங்கலாகாது. கொழுப்பு மிகுந்த விருந்துண்டபின் எடுத்தால் தாமதித்தே வேலை செய்யும். தலையிடி, முகச்சிவப்பு, மூக்கடைப்பு என்பன தாமாகவே நீங்கும். விறைப்பு நான்கு மணித்தியாலத்துக்கு மேல் நீடித்தாலோ, பார்வையோ செவிப்புலனோ சட்டென்று மங்கினாலோ, விடியும்வரை காத்திராது உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லல் வேண்டும்.

'மூலிகை மட்டுமே' எனச் சொல்லி விற்கப்படும் வீரியக் குளிகைகளையும் சூரணங்களையும் பற்றி ஒரு சொல். இத்தகையவற்றைப் பரிசோதித்த அமெரிக்க மருந்து நிருவாகம், பலவற்றுள் உறையிற் குறிப்பிடாத சில்டெனாபில் கலந்திருப்பதைக் கண்டுள்ளது. மூலிகைதானே என்றெண்ணி இருதய நோயாளர் அதனை உண்டால், நைத்திரேற்றுப் பற்றி அவரைக் கேட்பதற்கு அங்கே மருந்தாளர் ஒருவரும் இரார்.