உடுப்புக்குள் மறையும் முதுகு: பிள்ளைகளின் முள்ளந்தண்டு வளைவை நேரத்தோடு கண்டுபிடிப்போம்

நோன்புப் பெருநாள் நெருங்கும்போது கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கத் தையல்காரர்களுக்கு ஓய்வே இருக்காது. பிள்ளைக்கு அளவெடுத்து, தைத்து, போட்டுப் பார்க்கும்போது சில வேளை ஒரு சின்னச் சிக்கல் வரும். கவுனின் ஒரு பக்க விளிம்பு மற்றப் பக்கத்தைவிட அரை அங்குலம் மேலே நிற்கும். தைத்தவர் பிரித்துத் திரும்பத் தைப்பார். "புள்ள, சரிஞ்சி நிக்காம நேரா நில்லு" என்று உம்மா அதட்டுவார். பிள்ளை தன்னால் இயன்ற அளவு நேராகத்தான் நிற்கிறாள். வளைந்திருப்பது அவளது முள்ளந்தண்டு என்பது அங்கே யாருக்கும் தோன்றுவதில்லை.

ஸ்கோலியோசிஸ் எனப்படும் முள்ளந்தண்டின் பக்கவளைவு பெரும்பாலும் இப்படித்தான் சத்தமில்லாமல் ஆரம்பிக்கிறது. காய்ச்சல் இல்லை, பெரும்பாலும் வலியும் இல்லை. ஆகவே வைத்தியரிடம் போக வேண்டும் என்ற எண்ணமும் வருவதில்லை. 10 முதல் 16 வயது வரையான பிள்ளைகளில் 100 பேருக்கு 2 அல்லது 3 பேரிடம் இந்த வளைவு இருக்கிறது. அவர்களில் பெரும்பாலானோருக்கு அது சிறிய அளவிலேயே நின்றுவிடும். சுமார் பத்தில் ஒருவருக்கே சிகிச்சை தேவைப்படும். அந்த ஒருவரை உரிய வயதில் கண்டுபிடிப்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது.

வளைவு வளரும் வயதும் மறைக்கும் வயதும்

முள்ளந்தண்டு வளைவு வேகமாகக் கூடுவது பிள்ளை வேகமாக உயரும் காலத்தில். பெண்பிள்ளைகளுக்கு அது வயதுக்கு வருவதற்குச் சற்று முந்திய காலமும் அதை ஒட்டிய காலமும். ஆண்பிள்ளைகளுக்கு அதைவிட ஓரிரு ஆண்டுகள் பிந்தி வரும். சிறிய வளைவு ஆண், பெண் இருபாலாரிடமும் ஏறத்தாழ ஒரே அளவில் காணப்படுகிறது. ஆனால் சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு அது கூடுவது பெண்பிள்ளைகளில் பல மடங்கு அதிகம்.

எமது ஊர்களில் பெண்பிள்ளை பர்தாவுக்கும் தளர்ந்த உடைக்கும் மாறுவதும் இதே வயதில்தான். பத்து வயது வரை கிணற்றடியில் குளிப்பாட்டி, தலை துவட்டி, முதுகில் பவுடர் போட்டுவிட்ட உம்மாகூட அதன் பின் மகளின் முதுகைக் காண்பதில்லை. பிள்ளைக்கும் வெட்கம். இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துத் தோள்பட்டை துருத்தித் தெரியும்போது வளர்ச்சி முடியும் கட்டம் வந்திருக்கும். எளிய சிகிச்சைக்கான காலம் கைநழுவியிருக்கும்.

உடையில் எந்தத் தவறும் இல்லை. வளரும் வயதில் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, இரண்டு நிமிடம், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உம்மாவோ ராத்தாவோ அந்த முதுகைப் பார்த்தால் போதும்.

வீட்டிலேயே பார்ப்பது எப்படி?

முதலில் பிள்ளையை வெளிச்சமான இடத்தில், செருப்பில்லாமல், கைகளைத் தளர விட்டு நிற்கச் சொல்லுங்கள். முதுகு தெரிய வேண்டும். பின்னால் நின்று இவற்றை அவதானியுங்கள்:

- ஒரு தோள் மற்றதைவிட உயர்ந்திருக்கிறதா?
- ஒரு பக்கத் தோள்பட்டை எலும்பு துருத்தி நிற்கிறதா?
- கைக்கும் இடுப்புக்கும் இடையிலுள்ள இடைவெளி இரு பக்கமும் சமமாக இருக்கிறதா?
- ஒரு பக்க இடுப்பு உயர்ந்திருக்கிறதா?
- தலை, இடுப்பின் நடுவுக்கு நேர் மேலே இருக்கிறதா, ஒரு பக்கம் விலகி நிற்கிறதா?

அடுத்தது முன்பக்கம் குனிந்து பார்க்கும் சோதனை. 19ஆம் நூற்றாண்டில் வில்லியம் அடம்ஸ் என்ற ஆங்கிலேயச் சத்திரசிகிச்சை வைத்தியர் விவரித்த இச்சோதனையையே இன்றும் உலகெங்கும் செய்கிறார்கள். எமக்கு இதை விளங்கப்படுத்துவது இலகு. தொழுகையில் ருகூஉ செய்வதுபோல, முழங்காலை மடக்காமல் பிள்ளை குனிய வேண்டும். ஆனால் கைகளை முழங்காலில் ஊன்றாமல், இரு உள்ளங்கைகளையும் சேர்த்துக் கீழே தொங்கவிட வேண்டும். நீங்கள் பின்னாலிருந்து, முதுகின் மட்டத்துக்குக் கண்ணைத் தாழ்த்திப் பாருங்கள். முதுகின் ஒரு பக்கம் மற்றதைவிட மேடாக எழும்பி நின்றால் அதுவே முக்கியமான அடையாளம். முள்ளந்தண்டு பக்கவாட்டில் வளைவதோடு முறுக்கியும் கொள்கிறது. அந்த முறுக்கலோடு விலா எலும்புகளும் திரும்புவதால்தான் இந்த மேடு தோன்றுகிறது.

மேடு தெரிந்தால் பதற வேண்டாம். ஒரு காலின் நீளம் சற்றுக் குறைவாக இருந்தாலும் முதுகு சரிந்து தெரியலாம். உறுதிப்படுத்துவது எக்ஸ்ரேயின் வேலை. குடும்பத்தில் ஒருவருக்கு இந்த வளைவு இருந்தால் மற்றப் பிள்ளைகளையும் கட்டாயம் பார்க்க வேண்டும். பரம்பரைக்கு இதில் பங்கிருக்கிறது.

பாடசாலைகளில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையினர் 1, 4, 7, 10ஆம் தரங்களில் மருத்துவப் பரிசோதனை நடத்துகிறார்கள். இவற்றில் 7ஆம் தரப் பரிசோதனை மிகச் சரியான வயதில் வருகிறது. அன்றைக்குப் பிள்ளையை வீட்டில் நிறுத்த வேண்டாம். சந்தேகம் இருந்தால் முதல் நாளே வகுப்பாசிரியைக்கு எழுதிக் கொடுங்கள்.

யார் மீது பிழை?

"பாரமான பேக்கை ஒரு தோளில் போட்டதால் வந்தது", "கூனி இருந்து படித்ததால் வந்தது", "தம்பியை இடுப்பில் தூக்கித் திரிந்ததால் வந்தது" என்று பிள்ளையைக் குறை சொல்வது வழக்கம். இவை எதுவும் ஸ்கோலியோசிஸை உண்டாக்குவதில்லை. பாரமான பேக் முதுகு வலியைத் தரலாம், எனவே பாரத்தைக் குறைப்பது நல்லது. அது வேறு விடயம். இந்த நோயாளர்களில் 100க்கு சுமார் 80 பேருக்குக் காரணம் இன்னதென்று கண்டறியப்படுவதில்லை. மிகுதிப் பேருக்கு, பிறவியிலேயே முள்ளெலும்பு சரியாக உருவாகாமை, மூளை, நரம்பு அல்லது தசை நோய்கள் காரணமாகின்றன.

'டக்' என்ற சத்தமும் நிமிராத வளைவும்

வளைவைக் கண்ட குடும்பம் அடுத்து எங்கே போகிறது? எமது பிரதேசத்தில் சிலர் முறிவு நெரிவு வைத்தியரிடம் எண்ணெய் போட்டு உருவப் போகிறார்கள். சிலர் ஹிஜாமாவுக்குப் போகிறார்கள். இப்போது புதிதாக, தொலைபேசியில் ஓடும் கைரோபிராக்டிக் வீடியோக்கள். ஒருவர் கழுத்தைப் பிடித்துத் திருப்ப, 'டக்' என்று சத்தம் வர, படுத்திருந்தவர் சிரித்துக்கொண்டே எழும்புகிறார். இதைப் பார்க்கும் வாப்பாவுக்கு, மகளின் முதுகையும் இப்படி நிமிர்த்திவிடலாமே என்ற ஆசை வருவது இயல்பு.

கைரோபிராக்டிக் என்பது 1895இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டேனியல் டேவிட் பால்மர் தொடக்கிய, கைகளால் முள்ளந்தண்டு மூட்டுகளை அசைத்துச் செய்யும் சிகிச்சை முறை. அதை முற்றாக ஒதுக்கிவிட முடியாது. வளர்ந்தவர்களின் நாட்பட்ட இடுப்பு வலிக்குக் கொடுக்கக்கூடிய சிகிச்சைகளில் ஒன்றாக, முள்ளந்தண்டை இவ்வாறு கையால் அசைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டலும் சேர்த்திருக்கிறது. ஆனால் வலியைக் குறைப்பது ஒன்று, வளைவை நிமிர்த்துவது வேறொன்று. வளரும் பிள்ளையின் ஸ்கோலியோசிஸ் வளைவை இம்முறை நிமிர்த்தும் என்பதற்கோ, கூடாமல் தடுக்கும் என்பதற்கோ நம்பகமான ஆதாரம் கிடையாது.

காரணத்தை விளங்கிக்கொண்டால் ஏமாற மாட்டோம். அந்த 'டக்' சத்தம் விலகிய எலும்பு தன் இடத்துக்குத் திரும்பும் சத்தம் அன்று. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயுக் குமிழி உண்டாவதன் சத்தம். விரலில் சொடக்கு எடுக்கும்போது வருவதும் அதுதான். ஸ்கோலியோசிஸில் எலும்பு இடம் விலகியிருப்பதில்லை. அது வளர வளரத் திரும்பிப்போகிறது. ஒரு நாளில் சில விநாடிகள் அழுத்துவதால் வளர்ச்சியின் திசையை மாற்ற முடியாது. எண்ணெய் போட்டு உருவுவதற்கும் ஹிஜாமாவுக்கும் இதே கதைதான். உடம்புக்கு இதமாக இருக்கலாம், வளைவு நிற்காது.

பணம் வீணாவதைவிடப் பெரிய நட்டம் காலம் வீணாவது. ஆறு மாதம் அங்குமிங்கும் அலைந்து திரிவதற்குள் பிள்ளை இரண்டு அங்குலம் உயர்ந்திருப்பாள், வளைவும் கூடியிருக்கும். அரிதாக, வளைவுக்குப் பின்னால் முள்ளந்தண்டுக் காசநோயோ கட்டியோ நரம்புக் கோளாறோ இருக்கலாம். அப்படிப்பட்ட முதுகை எக்ஸ்ரே கூட எடுக்காமல் ஒருவர் முறுக்குவது ஆபத்தானது.

இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, கால்களில் பலவீனம் அல்லது விறைப்பு, சிறுநீர் அல்லது மலத்தைக் கட்டுப்படுத்த முடியாமை, முதுகின் நடுவில் முடிக்கற்றையோ வழக்கத்துக்கு மாறான தோல் அடையாளமோ இருத்தல், பத்து வயதுக்கு முன்பே வளைவு தெரிதல் ஆகியவற்றில் ஒன்றேனும் இருந்தால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

வலிக்காக ஒரு கைரோபிராக்டரிடம் போக நினைக்கும் பெரியவர்களும் அவர் எங்கே, எத்தனை ஆண்டு படித்தார் என்று கேட்கத் தயங்கக் கூடாது. முழுமையான கைரோபிராக்டிக் பயிற்சிக்கு நான்கு ஆண்டு முழுநேரப் படிப்பு, 4,200 மணித்தியாலத்துக்குக் குறையாமல் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2005இலேயே எழுதி வைத்திருக்கிறது. வாரஇறுதிப் பயிற்சிச் சான்றிதழ் அதற்கு ஈடாகாது. "பத்துத் தடவை வந்தால் நிமிர்த்தித் தருகிறேன்" என்று முற்பணம் கேட்பவரிடமிருந்து விலகிக்கொள்ளுங்கள்.

சரியான பாதை எது?

கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை, கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை, அக்கரைப்பற்று ஆதார வைத்தியசாலை என அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் தொடங்கலாம். அங்கிருந்து எலும்பியல் சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்பும்படி கேளுங்கள். தேவைப்பட்டால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ கொழும்புக்கோ அனுப்புவார்கள். அரச வைத்தியசாலையில் இதற்குக் கட்டணம் இல்லை. பரிசோதனையின்போது உம்மா கூடவே இருக்கலாம். பெண் வைத்தியர் அல்லது பெண் தாதி இருக்க வேண்டும் என்று கேட்பதிலும் தவறில்லை. வெட்கத்தின் காரணமாகப் பயணத்தைத் தள்ளிப்போடுவதுதான் தவறு.

எக்ஸ்ரேயைப் படுக்க வைத்து எடுக்காமல், நின்ற நிலையில் எடுக்க வேண்டும். படுக்கும்போது வளைவு குறைவாகத் தெரியும். எக்ஸ்ரேயில் வளைவைப் பாகையில் அளப்பார்கள். இதற்குக் கொப் கோணம் என்று பெயர். 10 பாகைக்கு மேல் இருந்தால்தான் அது ஸ்கோலியோசிஸ். பொதுவாக, 25 பாகை வரை சில மாதங்களுக்கு ஒரு முறை கண்காணிப்பார்கள். 25 முதல் 45 வரை, பிள்ளை இன்னும் வளரும் வயதாக இருந்தால், உடற்பட்டை அணிவிப்பார்கள். 45, 50 பாகைகளைத் தாண்டினால் சத்திரசிகிச்சை பற்றிப் பேசுவார்கள். இதனோடு சேர்த்து, பயிற்சி பெற்ற இயன்மருத்துவரின் மேற்பார்வையில் ஸ்கோலியோசிஸுக்கென்றே அமைந்த உடற்பயிற்சிகளைச் செய்வதும் உதவும்.

உடற்பட்டை ஏன் பலன் தருகிறது? பிரான்ஸ் வைத்தியர் நிக்கொலா அந்த்ரி 1741இல் எழுதிய நூலில் ஒரு படம் இருக்கிறது. வளைந்த இளமரம் ஒன்று நேரான கம்போடு கயிற்றால் கட்டப்பட்டிருக்கிறது. எலும்பியல் மருத்துவத்தின் சின்னமாக இன்றும் இருப்பது அதுவே. மரம் வளரும் வரைதான் கம்புக்கு வேலை. கட்டு நாள்தோறும், நீண்ட நேரம் இருக்கவும் வேண்டும். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், உடற்பட்டை அணிந்த பிள்ளைகளில் 72 சதவீதமானோர் வளர்ச்சி முடியும் வரை 50 பாகையை எட்டவில்லை. வெறுமனே கண்காணிக்கப்பட்டவர்களில் அது 48 சதவீதம். நாளுக்குச் சுமார் 13 மணித்தியாலத்துக்கு மேல் அணிந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் தப்பினார்கள்.

எத்தனை மணித்தியாலம் என்பதை வைத்தியர்தான் தீர்மானிப்பார். ஆனால் கணக்கைப் பாருங்கள். பாடசாலை விட்டு வந்து பிற்பகல் 3 மணிக்குப் போட்டு, மறுநாள் காலை 6 மணிக்குக் கழற்றினாலே 15 மணித்தியாலம் ஆகிவிடும். குளிக்கும்போது கழற்றலாம். எமது கடற்கரை வெக்கைக்கு உள்ளே மெல்லிய பருத்திப் பெனியன் அணிவது அவசியம். வளைவை மறைத்த அதே தளர்ந்த உடை, உடற்பட்டையையும் வெளியே தெரியாமல் மறைத்துவிடும்.

கல்யாணம், பிள்ளைப்பேறு

பெற்றோரின் உண்மையான பயம் பல வேளைகளில் முதுகைப் பற்றியதாக இருப்பதில்லை. "இது வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் கேட்டு வருவார்?" என்பதுதான் அது. அதனாலேயே விடயத்தை மூடி மறைக்கிறார்கள். பதின்ம வயதில் வரும் சாதாரண ஸ்கோலியோசிஸ் உள்ள பெண்கள் பெரும்பாலும் மற்றவர்களைப் போலவே கருத்தரித்துப் பிள்ளை பெறுகிறார்கள். பிரசவத்தின்போது மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியருக்கு வளைவு பற்றியும், செய்திருந்தால் சத்திரசிகிச்சை பற்றியும் முன்கூட்டியே சொல்ல வேண்டும், அவ்வளவுதான். உலகின் அதிவேக ஓட்டவீரர் உசைன் போல்ட்டுக்கும் ஸ்கோலியோசிஸ் உண்டு. அதை அவரே பகிரங்கமாகச் சொல்லியிருக்கிறார்.

மறைத்து வைப்பதால் வளைவு நிற்பதில்லை. 20 பாகையில் பார்த்திருந்தால் கண்காணிப்போடு முடிந்திருக்கக்கூடியது, 50 பாகையில் சத்திரசிகிச்சை மேசை வரை போகலாம். உங்கள் வீட்டில் பத்து வயது தாண்டிய பிள்ளை இருந்தால், இன்றிரவு தொழுகை முடிந்த பிறகு இரண்டு நிமிடம் ஒதுக்கி, கதவைச் சாத்திவிட்டு, அந்த முதுகை ஒரு தடவை பாருங்கள்.