தம்பிக்காக ஏறும் ஏணி!

ஒரு பக்கம் 92 கோல். மறு பக்கம் பூஜ்யம்!

இது கட்டுக்கதை அல்ல. 1998-ஆம் ஆண்டு உண்மையாக நடந்தது. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான ஆசிய-ஓசியானிய ஐஸ் ஆக்கிப் போட்டியில் தென் கொரியாவும் தாய்லாந்தும் மோதின. ஆட்டம் 60 நிமிடம். தென் கொரியப் பிள்ளைகள் 92 கோல் போட்டார்கள். அதாவது, ஏறக்குறைய 40 விநாடிக்கு ஒரு கோல்! சோங் டாங் ஹ்வான் என்ற ஒரே ஆட்டக்காரர் மட்டும் 31 கோல் போட்டார்.

தாய்லாந்துப் பிள்ளைகள் என்ன பாடு பட்டிருப்பார்கள்! அவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியுமா? பனியே பெய்யாத நாடு அது. தென் கொரியாவிலோ குளிர் காலத்தில் ஆறு உறையும்.

யானையையும் ஆட்டுக்குட்டியையும் மோதவிட்டால், ஆட்டுக்குட்டிக்கு ஆபத்து. யானைக்கும் அதில் பெருமை இல்லை.

இப்படிப்பட்ட மோதல் நேராமல் இருக்க ஓர் ஏற்பாடு உண்டு. அது ஓர் ஏணி. அந்த ஏணியின் கதைதான் இது. அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கண் கலங்க வைக்கும் ஒரு விஷயமும் இருக்கிறது.

ஐஸ் மேல் ஆட்டமா?

உத்திரமேரூர்ப் பக்கத்துப் பையனிடம் "ஐஸ்" என்று சொன்னால், அவனுக்கு நினைவு வருவது கரும்புச் சாறு வண்டியும் சர்பத் கடையும்தான். சாக்கில் சுற்றி வைத்த ஐஸ் பாளத்தைக் கடைக்காரர் உடைத்துப் போடுவார். குடித்து முடிப்பதற்குள் கரைந்துவிடும். அந்த ஐஸ் மேல் ஏறி நின்று ஆடுவதா?

ஆடுகிறார்கள்! 60 மீட்டர் நீளம், அதில் பாதி அகலம். அவ்வளவும் ஐஸ் தரை. சுற்றிலும் பலகை வேலி. ஒரு கோஷ்டிக்கு ஆறு பேர் களத்தில் நிற்பார்கள். அவர்களில் ஒருவர் கோல் காவலர். காலணியின் அடியில் கத்தி போன்ற இரும்புத் தகடு இருக்கும். அதை வைத்துக் காற்றாய்ச் சறுக்குவார்கள். கையில் வளைந்த மட்டை. ஆனால் பந்து கிடையாது. அதற்குப் பதில், மூன்று அங்குல அகலமும் ஓர் அங்குலக் கனமும் உள்ள ரப்பர் வில்லை.

20 நிமிடம் வீதம் மூன்று பகுதியாக ஆட்டம் நடக்கும். சிறு தப்பு செய்தவர் இரண்டு நிமிடம் ஓரத்தில் உள்ள பெட்டிக்குள் உட்கார வேண்டும். அதுவரை அவர் கோஷ்டிக்கு ஓர் ஆள் குறைவு.

2025-ஆம் ஆண்டு இறுதியில் சென்னையிலும் மதுரையிலும் 24 நாடுகளின் இளைஞர்கள் உலகக் கோப்பைக்கு ஆடினார்களே, அது தரையில் ஆடும் ஆக்கி. இது அதன் பனி நாட்டு உறவுக்காரன்.

பள்ளிக்கூடம் போல!

சர்வதேச ஐஸ் ஆக்கிச் சங்கம் 1908-இல் பாரிஸ் நகரில் பிறந்தது. 20 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு உலகப் போட்டியை இச்சங்கம் 1977 முதல் முறையாக நடத்தி வருகிறது. கனடா, ஸ்வீடன், அமெரிக்கா போன்ற ஜாம்பவான்கள் அதில் மோதுகிறார்கள்.

அந்த மேல் வகுப்பில் 10 நாடுகளுக்குத்தான் இடம். மற்ற நாடுகள் என்ன செய்யும்?

அவற்றுக்குக் கீழ் வகுப்புகள் உண்டு. மேல் வகுப்புக்கு அடுத்தது முதல் பிரிவு. அதற்குக் கீழே இரண்டாம் பிரிவு. இந்த இரண்டு பிரிவிலும் "ஏ", "பி" என்று இரண்டிரண்டு படிகள். ஒரு படிக்கு 6 நாடுகள். எல்லாவற்றுக்கும் கீழே மூன்றாம் பிரிவு. ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, மெக்ஸிகோ, தென் ஆப்பிரிக்கா, துருக்கி, பல்கேரியா முதலிய நாடுகளின் இளைஞர்கள் அந்தக் கடைசிப் படியில் ஆடியிருக்கிறார்கள்.

ஒவ்வொரு படியிலும் முதலாவதாக வரும் நாடு மறு ஆண்டு ஒரு படி மேலே போகும். கடைசியாக வரும் நாடு ஒரு படி கீழே இறங்கும்.

பாட்டி வீட்டில் தாயம் உருட்டி ஆடும் பரமபத சோபனம் நினைவுக்கு வருகிறதா? அங்கே ஏணி உண்டு. பாம்பும் உண்டு. ஆனால் பரமபதத்தில் தாயக்கட்டைதான் எஜமான். இங்கே அவரவர் உழைப்புதான் எஜமான்.

ஐந்து ஆட்டம், 15 புள்ளி

கீழ் வகுப்பில் 6 கோஷ்டிகளும் ஓர் ஊரில் கூடும். ஒவ்வொரு கோஷ்டியும் மற்ற ஐந்தோடும் ஒரு முறை ஆட வேண்டும். ஆக மொத்தம் 15 ஆட்டம். ஒரே வாரத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

60 நிமிடத்துக்குள் ஜெயித்தால் 3 புள்ளி. சமமாக முடிந்து, கூடுதல் நேரத்தில் ஜெயித்தால் 2 புள்ளி. அப்படித் தோற்றவருக்கும் 1 புள்ளி உண்டு. 60 நிமிடத்துக்குள் தோற்றால் பூஜ்யம். ஐந்து ஆட்டத்தையும் முறையாக ஜெயித்தால் 15 புள்ளி.

அந்த ஒற்றைப் புள்ளியை லேசாக நினைக்கக் கூடாது. ஒரு நாடு தங்குவதும் இறங்குவதும் அதில் இருக்கும். அதனால், கீழ் வகுப்பில் கடைசி நாள் மிகவும் பரபரப்பானது. "யார் முதல்?" என்று ஒரு பக்கம் நகம் கடிப்பார்கள். "யார் கடைசி?" என்று மறு பக்கம் நெஞ்சு படபடக்கும். கப் கிடைக்காத ஐந்தாம் இடத்துக்காகப் பிள்ளைகள் உயிரைக் கொடுத்து ஆடுவார்கள்!

ஏறியவர் வேறு, நின்றவர் வேறு!

வேடிக்கை இதுதான்: ஏணியில் ஏறியவர்கள் எல்லோரும் மேல் படியில் நின்று ஆட முடியாது!

ஏன்? வயதுதான் காரணம். இது 20 வயதுக்கு உட்பட்டவர்களின் போட்டி. இந்த ஆண்டு கடைசி வாய்ப்பாக ஆடும் மூத்த பிள்ளைகள், அடுத்த ஆண்டு வயது தாண்டிவிடுவார்கள். அவர்கள் ஜெயித்தார்கள், நாடு மேலே போயிற்று. ஆனால் மறு ஆண்டு மேல் படியில் கால் வைப்பது அவர்களுடைய தம்பிமார்கள்.

தோல்வியும் அப்படித்தான். அண்ணன் தோற்றுவிட்டுப் போவான். கீழ்ப் படியில் போய் நின்று, இழந்ததை மீட்க வேண்டியவன் தம்பி.

டென்மார்க்கின் கதையைப் பாருங்கள். சிறிய நாடு அது. அதன் இளைஞர்கள் 2015-இல் மேல் வகுப்பில் கால் இறுதி வரை போனார்கள். ஐந்து ஆண்டு தொடர்ந்து அங்கே நின்றார்கள். 2019-இல் இறங்கினார்கள். பிறகு ஆண்டுக்கு ஆண்டு முயற்சி. 2025-இல் முதல் பிரிவை ஜெயித்து, 2026 போட்டிக்கு மேல் வகுப்பில் இடம் பிடித்தார்கள்.

2019-இல் இறங்கியவர்களில் ஒருவர்கூட 2025-இல் ஏறியவர்களில் இல்லை. இருக்கவும் முடியாது. 2025-இல் ஆடியவர்கள் 2019-இல் 14 வயதைத் தாண்டாத சிறுவர்கள்!

மேல் வகுப்பில் நுழைவதைவிட அங்கே நிலைப்பது கஷ்டம். 2023-இல் ஆஸ்திரியா இறங்கியது, நார்வே ஏறியது. 2024-இல் நார்வே இறங்கியது, கஜகஸ்தான் ஏறியது. 2025-இல் கஜகஸ்தானும் இறங்கியது. ஒரே ஆண்டு வாழ்வு!

அதைவிடக் கொடுமை 2021-இல் நடந்தது. கொரோனா நோயால் இளைஞர்களின் கீழ் வகுப்புப் போட்டிகள் எல்லாம் ரத்து செய்யப்பட்டன. யாரும் ஏறவில்லை, யாரும் இறங்கவில்லை. ஏணி அப்படியே நின்றது. ஆனால் வயது நிற்குமா? அந்த ஆண்டு கடைசி வாய்ப்பு இருந்த பிள்ளைகள், ஆடாமலே வயது தாண்டிப் போனார்கள்.

உத்திரமேரூர்க் கல் சொல்லும் நீதி

"இது என்ன நியாயம்? அண்ணன் செய்ததைத் தம்பி ஏன் சுமக்க வேண்டும்?" என்று கேட்கலாம்.

விடையைத் தேடிப் பனி நாட்டுக்குப் போக வேண்டாம். உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பார்த்தால் போதும். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும், ஊர்ச் சபைக்கு ஆள் எடுக்கும் விதிகளை அங்கே கல்லில் வெட்டி வைத்தார்கள். ஊரில் 30 குடும்புகள். தகுதி உள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். அதுதான் குடவோலை.

அங்கும் வயது வரம்பு உண்டு. 35-க்கு மேல், 70-க்குள் இருக்க வேண்டும். பதவி ஓர் ஆண்டுக்குத்தான். ஒரு முறை வாரியத்தில் இருந்தவர் மூன்று ஆண்டு விலகி நிற்க வேண்டும். கணக்குக் காட்டாமல் போனவருக்கு மறுபடி இடம் இல்லை. அவருக்கு மட்டுமா? அவருடைய மகன், சகோதரன் முதலிய உறவினருக்கும் இடம் இல்லை!

அந்தச் சபையில் ஊரார் எல்லோரும் அமர முடியவில்லை. நிலமும் வேதக் கல்வியும் உடைய சிலருக்கே அந்த உரிமை இருந்தது. ஆயினும், அந்த விதியில் ஒரு கருத்து பொதிந்திருக்கிறது. பதவி ஒருவரின் சொத்து அல்ல. இன்று இருப்பவர் செய்வது, நாளை வருபவரைப் பாதிக்கும். ஆகவே, பார்த்து நட!

நம் பிள்ளைகள் எங்கே?

இந்த ஏணியில் இந்தியா எந்தப் படியில் நிற்கிறது?

2025 வரை எந்தப் படியிலும் இல்லை. ஏணிக்குக் கீழே, தரையில் நின்றது.

இந்தியா சர்வதேசச் சங்கத்தில் சேர்ந்தது 1989-இல். ஐஸ் ஆக்கி நம் நாட்டில் வளர்ந்த இடம் லடாக். லே நகரம் கடல் மட்டத்துக்கு மேல் 11,000 அடிக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது. குளிர் காலத்தில் அங்கே குளம் உறைந்து கல்லாகும். ராணுவ வீரர்களும் ஊர்ப் பிள்ளைகளும் அதன் மேல் சறுக்கி ஆடிப் பழகினார்கள். ஆனால் குளத்து ஐஸ் இரண்டு மாதம்தான் தாங்கும். மற்ற நாட்டுப் பிள்ளைகள் ஆண்டு முழுதும் கூடத்துக்குள் செயற்கை ஐஸில் பயிலும்போது, இரண்டு மாதப் பயிற்சி எந்த மூலைக்கு?

டேராடூனில் 2011-இல் பெரிய ஐஸ் கூடம் ஒன்று கட்டினார்கள். அது பல ஆண்டு மூடிக் கிடந்தது. 2025-இல்தான் மறுபடி திறந்தார்கள். கூடம் மூடிக் கிடந்த காலத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு 20 வயது தாண்டியதோ!

ஆனாலும் நம்பிக்கை உண்டு. நம் பெண்கள் கோஷ்டி 2016-இல், பொதுமக்கள் தந்த நன்கொடையின் உதவியோடு, முதல் முறையாக வெளிநாடு சென்று ஆடியது. 2017-இல் பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4-3 என்று வீழ்த்தி முதல் வெற்றி கண்டது. 2025-இல் ஆசியக் கோப்பைப் போட்டியில் வெண்கலப் பதக்கம் பெற்றது.

பாங்காக் என்றதும் நினைவுக்கு வருகிறதா? அன்று 92 கோல் வாங்கிய தாய்லாந்தின் தலைநகரம் அதுதான்! தாய்லாந்தும் 1989-இல்தான் சங்கத்தில் சேர்ந்தது. அன்று அவமானப்பட்டு விலகியிருக்கலாம். அவர்கள் விலகவில்லை. வெயில் நாட்டில் ஐஸ் கூடம் அமைத்துப் பழகினார்கள். பின்னாளில் உலகப் போட்டியின் கீழ்ப் படிகளில் ஏறினார்கள். 92 கோல் வாங்கிய அண்ணன்கள் மட்டையைத் தூக்கி எறிந்திருந்தால், தம்பிகள் ஏறியிருக்க முடியுமா?

ஏரி சாட்சி

உத்திரமேரூர் ஏரிக்கு வைரமேகத் தடாகம் என்று பெயர். பல்லவர் காலத்து ஏரி. அதைக் காக்க அந்தக் காலத்திலேயே ஏரி வாரியம் என்று தனி வாரியம் இருந்தது. வாரியத்தார் ஆண்டுதோறும் மாறினார்கள். ஏரி மாறவில்லை. மண் சுமந்து கரை போட்டவர்கள், ஆயிரம் ஆண்டு கழித்து அந்தத் தண்ணீரில் யார் நெல் விளைப்பார் என்று அறிய மாட்டார்கள். ஆனாலும் சுமந்தார்கள்.

ஐஸ் தரையில், கடைசி நாளில், ஐந்தாம் இடத்துக்குப் போராடும் 19 வயதுப் பையனும் அப்படித்தான். அவன் ஜெயித்தாலும் அந்தப் படியில் மறு ஆண்டு அவனுக்கு வேலை இல்லை.

தம்பிக்கு இருக்கிறது!