வீட்டில் வண்டி வேலையா? தூசியைக் கவனியுங்கள்!

1980-ல் அசோக் லேலண்ட் ஆலை வந்த எங்கள் ஓசூரில், ஸ்பானர் சத்தம் கேட்காத தெரு குறைவு. என் வீட்டுக்காரரும் கொல்லைப்புறக் கொட்டகையில் பழைய பிக்கப் வண்டி ஒன்றைப் புதுப்பித்து வருகிறார். ஆசை நல்லதுதான், தூசிதான் பொல்லாதது!

பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். மூச்சில் போனால் 20, 30 வருஷம் கழித்துக்கூட நுரையீரலைக் கெடுக்கும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கே ஆபத்து.

அதனால் பிரேக் டிரம்மைக் காற்றடித்து ஊதவே கூடாது. ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிவிட வேண்டும். பெயிண்டையும் நனைத்தே தேய்க்கணும். மூக்கில் கைக்குட்டை கட்டினால் போதாது. வேலை உடுப்பை உதறாமல் தனியாகத் துவையுங்கள். குளித்த பிறகுதான் குழந்தையைத் தூக்கணும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். வண்டி தயாராக ஒரு மாதம் கூடுதலானால்தான் என்ன, சகோதரிகளே?