அப்பாவின் கையெழுத்தும் டச் ஸ்கிரீனும்



போன வருஷம் ஸ்காலர்ஷிப் விஷயமாக அப்பாவோடு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். டேப்லெட்டை நீட்டி, "விரலால கையெழுத்துப் போடுங்க" என்றார்கள். அப்பா கொத்தனார். முப்பது வருஷம் சிமெண்ட்டில் கிடந்த கை. கோடு விட்டு விட்டு விழுந்தது, பாதி எழுத்தைக் காணோம். "என்னங்க, கைநாட்டா?" என்று கேட்டார் அங்கிருந்தவர். வெளியே வந்ததும் அப்பா, "இதெல்லாம் நம்ம கைக்கு ஆகாதுடா" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது தெரியும்.

லேபில் கெப்பாசிட்டர் பார்த்திருக்கிறோம். இரண்டு தகடு, நடுவே மின்சாரம் கடத்தாத பொருள். தகட்டின் பரப்பு கூடினால் கெப்பாசிட்டன்ஸ் கூடும். இடைவெளி கூடினால் குறையும். மார்க்குக்காக மனப்பாடம் செய்தோமே, அதேதான்.

போன் திரையின் கண்ணாடிக்கு அடியில் இண்டியம் டின் ஆக்சைடு என்ற ஒளி புகும் கடத்தி, பாய் பின்னினாற்போல் நெட்டும் குறுக்குமாக ஓடுகிறது. ஒவ்வொரு சந்திப்பும் ஒரு குட்டி கெப்பாசிட்டர். ஐ.சி. ஒரு வரிசைக்குத் துடிப்பு அனுப்பி, குறுக்கு வரிசைகளில் எவ்வளவு சார்ஜ் வருகிறது என்று அளக்கும். நொடிக்கு 60 முறை, 120 முறை என்று முழுத் திரையையும் அளந்துகொண்டே இருக்கும். நம் உடம்புக்குள் உப்புத் தண்ணீர், நல்ல கடத்தி. விரல் கிட்டே வந்ததும் சார்ஜில் கொஞ்சம் நம் பக்கம் திரும்பிவிடும். எங்கே அளவு குறைகிறதோ அங்கேதான் விரல். அழுத்தமே தேவையில்லை (ஓங்கிக் குத்துகிறவர்கள் கவனிக்க!). இங்கிலாந்தில் மால்வெர்ன் ராடார் ஆய்வுக்கூடத்தின் ஈ.ஏ. ஜான்சன் 1965-லேயே இப்படி ஒரு திரையைப் பற்றி எழுதிவிட்டார்.

இனி அப்பாவின் விரல். காய்ப்புக் காய்த்த தோல் தடிப்பு; ஈரமும் இல்லை. கண்ணாடிக்கும் உள்ளே இருக்கும் சதைக்கும் இடைவெளி கூடிவிட்டது. கெப்பாசிட்டன்ஸ் குறைந்தது, ஐ.சி.க்கு விரல் தெரியவில்லை. அவ்வளவுதான்!

சாதா பேனா ஏன் எழுதாது? பிளாஸ்டிக் கடத்தாது, முனையும் ஊசி. கடையில் விற்கும் ரப்பர் முனை ஸ்டைலஸ் கடத்தும் ரப்பரால் ஆனது. பரப்பு வேண்டும் என்பதால்தான் முனை மொண்ணையாக இருக்கிறது. 2015-ல் வந்த ஆப்பிள் பென்சில் வேறு ஜாதி. உள்ளே பேட்டரி; முனையிலிருந்து தானே சிக்னல் அனுப்பும், அதனால் முனை கூராக இருக்கலாம்.

நமக்கு அவ்வளவு காசு ஏது? காது குடையும் பட்ஸின் பஞ்சை லேசாக நனைத்து, பஞ்சைத் தொடும்படி காம்பு முழுக்க அலுமினியத் தாள் சுற்றினேன். பிடிப்பதும் அதே காய்த்த கைதானே என்பீர்கள். மூன்று விரல் சேர்ந்து பிடிக்கும்போது பரப்பு பல மடங்கு, தோல் தடிப்பு அங்கே எடுபடாது. அப்பா என் போனில் கையெழுத்துப் போட்டார். சுழி, கொம்பு எல்லாம் விழுந்தது. மறுபடியும் போட்டார். பதினைந்து தடவை இருக்கும்.

அடுத்த தடவை அதே அலுவலகத்துக்கு அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். அன்றைக்குப் பார்த்து டேப்லெட்டில் சார்ஜ் இல்லை. பேப்பரிலேயே வாங்கிக்கொண்டார்கள்.