சூடேறும் எஞ்சினும் சுவிச்சின் மீது வீண்பழியும்

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது. இதனால் மலையகத்தில் இருபது, முப்பது வருடப் பழைய கார்களை நம்பியே பலர் வியாபாரமும் ஹயரும் செய்து வருகின்றனர். கினிகத்தேனை, ரம்பொடை ஏற்றங்களில் எஞ்சின் சூடேறி ஹெட் கேஸ்கட் போனால், பல நாள் வருமானம் கராஜிலேயே முடங்கிவிடும்.

மின்விசிறி உள்ள கார்களில், தண்ணீர் குறித்த சூட்டை எட்டியதும் விசிறியை ஓடவைப்பது ஒரு சிறிய வெப்ப சுவிச். டேஷ்போர்ட் முள்ளுக்குரிய சென்சர் பெரும்பாலும் வேறு. ஆகவே, முள் சரியாகக் காட்டினாலும் சுவிச் பழுதாகியிருக்கலாம்.

முதலில் எஞ்சின் ஆறியபின் தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டாம். தண்ணீர் குறைந்து சுவிச்சைச் சுற்றிக் காற்று நின்றால், நல்ல சுவிச்சும் வேலை செய்யாது.

அடுத்து, இக்னிஷனைப் போட்டு, கைகளை விசிறியிலிருந்து விலக்கி, சுவிச்சின் பிளக்கைக் கழற்றுங்கள். பழைய டொயோட்டா கார்கள் பலவற்றில் கழற்றியவுடன் விசிறி ஓடும். வேறு பல கார்களில் இரண்டு வயர்களையும் ஒரு துண்டு வயரால் இணைத்தால்தான் ஓடும். விசிறி ஓடினால் மோட்டார், பியூஸ், ரிலே நன்றாக இருக்கின்றன. சந்தேகம் சுவிச்சின் மீதே. ஓடாவிட்டால் சுவிச்சை மாற்றிப் பயனில்லை. எஞ்சின் கம்ப்யூட்டருக்குப் போகும் சென்சரின் வயர்களை மட்டும் இப்படி இணைக்கக் கூடாது.

சுவிச்சைக் கழற்றிச் சுடுதண்ணீரில் போட்டு மீட்டரால் பார்ப்பதும் வழக்கம். இங்கேதான் மலைநாட்டில் தவறு நேர்கிறது. கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். 95 டிகிரி சுவிச் அந்தச் சட்டியில் அசையவே அசையாது! காரிலோ மூடியின் அழுத்தத்தால் தண்ணீர் அதைவிடச் சூடேறும். கூலன்ட் பாதி, தண்ணீர் பாதி கலந்து, வெப்பமானி வைத்துச் சோதித்தால் உண்மை தெரியும். சுவிச்சில் பொறித்துள்ள டிகிரியையும் பாருங்கள்.

பஞ்சிகாவத்தையில் பாவித்த சுவிச் வாங்குவோரும் இவ்வாறே சோதித்துப் பூட்டுவது நல்லது.

கராஜ் நடத்தும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. வாடிக்கையாளரின் வாகனம் நம் கையில் உள்ள அமானிதம். சோதிக்காமல் ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பணம் வாங்குவதை விட, பத்து நிமிடம் பார்த்துச் சொல்லும் உண்மையில்தான் பரக்கத் இருக்கிறது.