மின்னோட்டம் குறைந்தால் நஞ்சு

கேரளத்தில், கல்லாறைத் தாண்டியதும் பொன்முடிச் சாலை 22 கொண்டை ஊசி வளைவுகளாக மேலே ஏறுகிறது. மேலே போகப் போகத் தேயிலைத் தோட்டங்கள். அந்தச் சரிவில் பெய்யும் மழை ஓடை ஓடையாக இறங்கி, வாமனபுரம் ஆற்றில் கலந்து, கீழே இருக்கும் ஊர்களுக்குக் குடிநீராகிறது. இந்த நீரில் நஞ்சு இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. ஆனால் மருந்தடிக்கும் பயிர் மேலேயும் குடிநீர்க் குழாய் கீழேயும் இருக்கிற எந்த மலைக்கும் ஒரு கேள்வி உண்டு: பூச்சிக்கொல்லியை நாம் எத்தனை முறை தேடுகிறோம்? மருந்து தெளித்த பின் வரும் முதல் பெருமழைதான் எச்சத்தை ஓடைக்கு இழுத்து வரும். சில மணி நேரத்தில் அது கடந்தும் போய்விடும். எப்போதாவது ஒரு நாள் எடுக்கிற ஒரு புட்டித் தண்ணீரில் அது சிக்கினால் அதிர்ஷ்டம். காய்கறியின் கதையும் இதுதான். தமிழ்நாட்டிலிருந்து லாரியில் வந்து காலையில் திருவனந்தபுரம் சாலைச் சந்தையில் இறங்கும் கத்தரிக்காய் மாலைக்குள் குழம்பாகிவிடுகிறது. வெள்ளாயணி வேளாண் கல்லூரியின் எச்ச ஆய்வகம் சந்தைக் காய்கறிகளைத் தொடர்ந்து சோதித்து வருகிறது. அதன் கருவிகளின் துல்லியத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முடிவு வரும்போது அந்தக் காய்தான் இருக்காது.

இந்த இடைவெளியில்தான் மின்வேதி உணரிக்கு வேலை. நீரிழிவுக்காரர் வீட்டில் இருக்கும் குளுக்கோமீட்டரின் பங்காளி அது. லேலண்ட் கிளார்க் 1962-இல் முன்வைத்த நொதி மின்முனை என்ற யோசனைதான் இரண்டுக்கும் மூலம். விரலளவு பிளாஸ்டிக் பட்டையில் கார்பன் மையாலும் வெள்ளி மையாலும் மூன்று மின்முனைகளை அச்சிடுகிறார்கள். அதில் ஒன்றின் மேல் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதியைப் படிய வைக்கிறார்கள். நம் நரம்புகளிலும் பூச்சியின் நரம்புகளிலும் இருப்பது இதே நொதி. ஒவ்வொரு நரம்புச் செய்தி முடிந்ததும் அதைத் துடைத்தெடுப்பது அதன் வேலை. மாலத்தியான், மோனோகுரோட்டோபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பரஸ் மருந்துகளும் கார்போபியூரான் போன்ற கார்பமேட்டுகளும் கொல்வது இதை முடக்கித்தான். பட்டையில் அசிட்டைல்தயோகோலின் கரைசலை விட்டால் நொதி அதை வெட்டித் தயோகோலினாக்கும். தயோகோலின் மின்முனையில் எலக்ட்ரானை விட்டுக்கொடுக்க, மீட்டரில் மின்னோட்டம் தெரியும். அது 100 அலகு என்று வைத்துக்கொள்வோம். பிறகு பட்டையைக் காய் அலசிய நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து மறுபடி அளந்தால் 60 என்கிறது. நாற்பது பங்கு நொதி வாயடைத்துப் போயிருக்கிறது என்று பொருள். மற்ற மீட்டர்களில் எண் ஏறினால் பயம். இதில் இறங்கினால்தான் பயம்.

இதற்கு ஆய்வகக்காரர்கள் எழுப்பும் முதல் மறுப்பு நியாயமானது. சட்டம் ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனி வரம்பு வைத்திருக்கிறது. இந்தியக் குடிநீர்த் தரப்படி ஒரு லிட்டரில் மாலத்தியான் 190 மைக்ரோகிராம் வரை இருக்கலாம்; மோனோகுரோட்டோபாஸ் 1, மெத்தில் பாரத்தியான் வெறும் 0.3. நொதிக்கோ பெயர் தெரியாது, பாதிப்பு மட்டுமே தெரியும். அந்த நாற்பது பங்கு யாருடைய கைவரிசை என்று அதனால் சொல்ல முடியாது. இதைவிடக் கடுமையான மறுப்பு கேரளத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் 2000 வரை ஹெலிகாப்டரிலிருந்து தெளித்த எண்டோசல்பானை 2011-இல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. அது ஆர்கனோகுளோரின் வகை; இந்த நொதியைத் தொடுவதில்லை. இந்தப் பட்டை அன்று காசர்கோட்டில் இருந்திருந்தால் ‘எல்லாம் சுத்தம்’ என்றிருக்கும். குளோர்பைரிபாஸ் இன்னொரு வழியில் தப்பும். அது உடலுக்குள் போய் ஆக்ஸான் வடிவம் பெற்ற பிறகே நொதியை வலுவாகப் பிடிக்கும். எனவே மாதிரியை முன்கூட்டியே ஆக்ஸிஜனேற்றம் செய்ய வேண்டும். தக்காளிச் சாற்றின் வைட்டமின் சி வேறு மின்முனையில் தானும் எலக்ட்ரானைக் கொடுத்து, குறைய வேண்டிய மின்னோட்டத்தைக் குறையாதது போலக் காட்டும்.

இத்தனை ஓட்டை உள்ள கருவி எதற்கு என்றால், நீதிபதியாக அல்ல, வாசல் காவலாளாக. காவலாள் எல்லாத் திருடனையும் அறிந்திருக்க வேண்டியதில்லை. சந்தேகப்பட்டவனை நிறுத்தி வைத்தால் போதும். மின்னோட்டம் இறங்கிய மாதிரி மட்டும் ஆய்வகத்துக்குப் போகட்டும். அங்கே மருந்தின் பெயரும் அளவும் தெரியட்டும். அபராதமும் வழக்கும் அந்த அறிக்கையின் பேரில்தான் இருக்க வேண்டும். இறங்காத மாதிரிகளிலும் சிலவற்றை அவ்வப்போது அனுப்பியாக வேண்டும். எண்டோசல்பானின் பாடம் அது. பெயர் தெரியாத நொதிக்கு ஓர் உபரிப் பயனும் உண்டு: வரம்புக்குள் நிற்கும் நான்கு மருந்துகள் ஒரே மிளகாயில் சேர்ந்திருந்தால், தனித்தனிப் பட்டியலில் எல்லாம் சரி, நொதி அந்த நான்கின் கூட்டு விளைவைக் காட்டும். மலிவான பட்டை பொய் எச்சரிக்கை தந்து வியாபாரியின் வயிற்றில் அடிக்காதா? அடிக்கும், முதல் எண்ணையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டால். அதே சரக்கை இன்னொரு பட்டையிலும், மருந்தில்லாத காயின் சாற்றை மூன்றாவதிலும் ஒப்பிட்டுப் பார்க்க அரை மணி நேரம் போதும்.

பட்டையைவிடப் பெரிய சிக்கல் வெயில். நொதி ஒரு புரதம். சூடு பட்டால் மருந்தே இல்லாமலும் செயலிழந்துவிடும், எண் தானாக இறங்கும். ஆகவே கல்லாற்றங்கரையிலோ சாலைச் சந்தையிலோ இதை வைக்க நினைப்பவர்கள் மீட்டருக்கு முன்னால் ஒரு குளிர்பெட்டி வாங்க வேண்டும்.