ஓவனில் சுட்ட சேவு: சாத்தூர்ப் பலகாரத்தை வீட்டில் சோதித்துப் பார்த்தல்

சேவு என்பது கடலை மாவையும் அரிசி மாவையும் கலந்து பிசைந்து, துளைகள் உள்ள கரண்டியில் தேய்த்து, காய்ந்த எண்ணெயில் விழச் செய்து பொரித்தெடுக்கும் பலகாரம். விருதுநகர் மாவட்டத்தில் வைப்பாற்றின் கரையில் உள்ள சாத்தூர் இதற்குப் பெயர்பெற்ற ஊர். காரச்சேவு, மிளகுச்சேவு, பூண்டுச்சேவு, பாகில் புரட்டிய இனிப்புச்சேவு எனப் பல வகைகள் உண்டு. இந்த ஊரின் பெயராலேயே 'சாத்தூர் சம்பா' என்ற மிளகாய் வகையும் அறியப்படுகிறது.

எண்ணெய்ப் பண்டத்தைக் குறைக்கும்படி மருத்துவர் சொன்ன வீடுகளில் ஒரு கேள்வி எழுவது இயல்பு. இதே மாவை எண்ணெயில் போடாமல் ஓவனில் சுட்டால் சேவு கிடைக்குமா? மக்ரோனியை ஓவனில் சுட்டுச் சாப்பிடுகிறார்களே, சேவை ஏன் சுடக்கூடாது? இதற்கு விடை காண, ஓவன் ஒவ்வொரு பண்டத்திலும் என்ன வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மக்ரோனியும் சேவும்

இரண்டும் பிசைந்த மாவைத் துளை வழியே தள்ளி உருவாக்கப்படுபவை. ஒற்றுமை அத்துடன் முடிகிறது. மக்ரோனி, டியூரம் என்னும் கடினக் கோதுமையின் ரவையில் செய்யப்படுவது. கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் வலைபோல் பின்னி மாவைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் மக்ரோனி கொதிநீரில் வெந்தாலும் கரைவதில்லை. கடலை மாவிலும் அரிசி மாவிலும் குளூட்டன் கிடையாது. சேவு மாவைத் தண்ணீரில் பிழிந்தால் அது பெரும்பாலும் கரைந்து கூழாகிவிடும். அரிசி மாவு இடியாப்பத்தை நீரில் போடாமல் ஆவியில் அவிப்பதற்கும் இதுவே காரணம்.

இத்தாலியின் சிசிலித் தீவில், பலேர்மோ நகரில், மோதிர வடிவப் பாஸ்தாவைக் குழம்புடனும் பாலாடைக்கட்டியுடனும் கலந்து ஓவனில் சுடுவார்கள். அங்கே ஓவன் உள்ளிருக்கும் ஈரத்தைப் பெருமளவு காத்து, மேற்பரப்பை மட்டும் சிவக்க வைக்கிறது. சேவைச் சுடும்போது ஓவன் உள்ளிருக்கும் ஈரம் முழுவதையும் வெளியேற்ற வேண்டும். இரண்டுக்கும் 'சுடுதல்' என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்தினாலும் வேலை நேரெதிரானது.

எண்ணெய் செய்யும் வேலை

பொரிக்கும் எண்ணெயின் வெப்பம் ஏறத்தாழ 160 முதல் 180 டிகிரி செல்சியஸ். மாவில் உள்ள நீர் 100 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்கும். சேவு எண்ணெயில் விழுந்ததும் எழும் நுரையும் சலசலப்பும் இந்த நீராவிதான். சத்தம் அடங்கினால் ஈரம் பெரும்பாலும் வெளியேறிவிட்டது என்று பொருள். நீராவி வெளியேறிய இடங்களில் நுண்ணிய துளைகள் உண்டாகின்றன. கடித்தவுடன் சேவு நொறுங்குவதற்கு இவையே காரணம்.

எண்ணெய் சேவைச் சுற்றிலும் ஒரே சீராகத் தொட்டு, வெப்பத்தை விரைவாகக் கொடுக்கிறது. ஓவனில் அந்த வேலையைச் செய்ய வேண்டியது காற்று. அது வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். ஆகவே ஈரமும் மெதுவாக வெளியேறும்; துளைகள் குறைவாக உண்டாகும்; சேவு இறுகிக் கடினமாகும். மாவில் முன்கூட்டியே எண்ணெய் கலந்தால் அது மாவுத்துகள்களுக்கு இடையில் புகுந்து இறுக்கத்தைக் குறைக்கும். தட்டைக்கும் முறுக்குக்கும் சூடான எண்ணெயை மாவில் ஊற்றிப் பிசைவதும் இதனால்தான்.

சோதனை முறை

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எதனால் என்ன நேர்ந்தது என்று தெரியும். அதற்கு மூன்று பங்கு மாவு போதும்.

1. கடலை மாவு 225 கிராம், பச்சரிசி மாவு 75 கிராம், அளவான உப்பு ஆகியவற்றைச் சலித்துக் கலந்து, 100 கிராம் வீதம் மூன்றாகப் பிரிக்கவும்.
2. வற்றலையும் பூண்டையும் நைய அரைத்து வடிகட்டி, மூன்றிலும் ஒரே அளவு சேர்க்கவும். வடிகட்டாவிட்டால் திப்பி துளைகளை அடைக்கும்.
3. முதல் பங்கை எண்ணெய் கலக்காமல் பிசைந்து, கடாயில் பொரிக்கவும்.
4. இரண்டாம் பங்கை எண்ணெய் கலக்காமல் பிசைந்து, ஓவனில் சுடவும்.
5. மூன்றாம் பங்கில் 15 கிராம் சூடான கடலை எண்ணெயை ஊற்றிப் பிசைந்து, ஓவனில் சுடவும். இதற்குத் தண்ணீர் சற்றுக் குறைவாகவே பிடிக்கும்.

மூன்றையும் முறுக்கு உரலில் ஒரே அச்சில் பிழிய வேண்டும். ஓவனை 160 டிகிரிக்கு முன்கூட்டியே சூடாக்கி, தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் மெல்லிய அடுக்காகப் பிழியவும். 15 முதல் 20 நிமிடம் வரை சுட்டு, பாதி நேரத்தில் தட்டைத் திருப்பி வைக்கவும். நடுவில் மென்மையாக இருந்தால் வெப்பத்தை 110 டிகிரிக்குக் குறைத்து மேலும் 10 நிமிடம் உலர விடலாம். வெப்பத்தைக் கூட்டினால் வெளிப்புறம் கருகிக் கசக்கும். உள்ளே ஈரம் அப்படியே இருக்கும்.

எண்ணெயை அளப்பது

சமையலறைத் தராசு இருந்தால் சேவு எவ்வளவு எண்ணெய் குடித்தது என்பதை வீட்டிலேயே தோராயமாகக் கணக்கிடலாம். பொரிப்பதற்கு முன்பும், பொரித்து எண்ணெய் ஆறிய பின்பும் எடை பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, எண்ணெய் 45 கிராம் குறைந்து, 140 கிராம் சேவு கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். 45-ஐ 140-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 32 விழுக்காடு. மூன்றாம் பங்கில் 15 கிராம் எண்ணெய் சேர்த்து 112 கிராம் சேவு கிடைத்தால் அது ஏறத்தாழ 13 விழுக்காடு. ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தரும். எனவே இந்தக் கணக்கின்படி கொழுப்பிலிருந்து வரும் கலோரி மட்டும் 100 கிராமுக்கு 170 அளவில் குறைகிறது.

மிஞ்சிய எண்ணெயையும் கணக்கில் எடுக்க வேண்டும். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் தீங்கான சேர்மங்கள் கூடுகின்றன. துருவச் சேர்மங்களின் மொத்த அளவு 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஓவனில் சுட்டால் எண்ணெய் மிஞ்சுவதில்லை.

சுவையை ஒப்பிடுதல்

மூன்று கிண்ணங்களிலும் எண் மட்டும் எழுதி, எது எந்த முறையில் செய்தது என்று சொல்லாமல் வீட்டில் உள்ளவர்களுக்குக் கொடுக்கவும். நொறுங்கும் சத்தம், மணம், வாயில் கரையும் விதம் ஆகியவற்றைத் தனித்தனியே குறித்துக்கொள்ளவும். மீதியைக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் மீண்டும் பார்க்கவும். நமத்துப்போனால் ஈரம் போதுமான அளவு வெளியேறவில்லை, அல்லது காற்றிலிருந்து ஈரம் புகுந்துவிட்டது என்று பொருள்.

எண்ணெய் கலக்காமல் சுட்ட இரண்டாம் பங்கே மிகக் கடினமாக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். மூன்றாம் பங்கு சேவுக்கு நெருங்கி வரும். ஆனால் கடைச் சேவின் இலகு அதில் இருக்காது. எண்ணெய் குறைந்தாலும் உப்பின் அளவு குறையவில்லை என்பதையும் மறக்கக்கூடாது. சுட்டது என்பதற்காக இரட்டிப்பாகச் சாப்பிட்டால் குறைத்த கலோரி திரும்ப வந்துவிடும். சுட்ட சேவைச் சாத்தூர் சேவுக்கு மாற்றாகக் கொள்வதைவிட, அதே மாவில் பிறந்த இன்னொரு பலகாரமாகக் கொள்வதே சரி.